சொறியாதே என்றால் போதுமா? கொசுக்கடி அரிப்பும் வகுப்பறைக் கற்றலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் நம் வகுப்பறைகளில் ஒரு மாற்றத்தைக் காணலாம். எழுதிக்கொண்டிருக்கும் கை அடிக்கடி நின்று முழங்கையைத் தேய்க்கும். பெஞ்சுக்கு அடியில் ஒரு கால் இன்னொரு காலைச் சொறியும். "டீச்சர், அரிக்குது" என்று தொடக்க வகுப்புக் குழந்தை எழுந்து வந்து நிற்கும். "சொறியாதே, போய் உட்கார்" என்பதே பெரும்பாலும் நம் பதிலாக இருக்கிறது.

அந்த அறிவுரை சரியானதே. ஆனால் அரிப்பு இருக்கும்வரை கை அங்கே போகத்தான் செய்யும். சொறிவதற்குப் பதிலாக எதைச் செய்வது என்று குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தால்தான் அந்த அறிவுரை பயன்படும். இதை ஒரு முதலுதவித் திறனாகவும், 1 முதல் 10 வரையிலான வகுப்புகளுக்கு ஏற்ற அறிவியல் பாடமாகவும் எப்படிக் கொண்டுசெல்லலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கற்றல் நோக்கங்கள்

இப்பகுதியைக் கற்ற பின் மாணவர்கள்,

- கொசு கடித்த இடம் ஏன் தடிக்கிறது, ஏன் அரிக்கிறது என்பதை விளக்குவர்.
- சொறியாமல் அரிப்பைத் தணிக்கும் எளிய படிகளைத் தாமே செய்வர்.
- எந்த அடையாளங்களைக் கண்டால் பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதை அறிவர்.
- கொசுக்கடி பற்றிய நம்பிக்கைகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பர்.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

மனிதரைக் கடிப்பவை பெண் கொசுக்கள் மட்டுமே. முட்டைகளை வளர்க்கத் தேவையான புரதம் அவற்றுக்கு இரத்தத்திலிருந்து கிடைக்கிறது. ஆண் கொசுக்கள் தேன், தாவரச் சாறு ஆகியவற்றைக் கொண்டே வாழ்கின்றன.

கொசுவின் குழல் ஒற்றை ஊசி போலத் தோன்றினாலும், உறை போன்ற கீழுதட்டினுள் 6 மெல்லிய ஊசிகள் உள்ளன. சில தோலை அறுக்கின்றன. ஒன்று இரத்தத்தை உறிஞ்சுகிறது. இன்னொன்றின் வழியே கொசுவின் உமிழ்நீர் நம் தோலுக்குள் செல்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்கள் அந்த உமிழ்நீரில் இருக்கின்றன. கொசு பறந்து போன பிறகும் உமிழ்நீர் தோலில் தங்கிவிடுகிறது.

அதிலுள்ள புரதங்களை அந்நியப் பொருளாக நம் உடலின் நோய்த் தடைக்காப்பு அமைப்பு அடையாளம் காண்கிறது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியிடுகின்றன. ஹிஸ்டமின் இரண்டு வேலைகளைச் செய்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களை விரித்து அவற்றிலிருந்து நீர்மம் கசியச் செய்கிறது, இதுதான் தடிப்பு. அருகிலுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது, இதுதான் அரிப்பு. ஆகவே அரிப்பு என்பது கொசு விட்டுச் சென்ற பொருளுக்கு நம் உடல் தரும் பதில். "கொசு விஷம் வைத்துவிட்டது" என்று சொல்லும் குழந்தைக்கு இதை விளக்கினாலே பயம் குறையும்.

இந்தப் பதில் இரண்டு முறை வரலாம். கடித்த சில நிமிடங்களில் தோன்றும் மென்மையான தடிப்பு விரைவில் வடிந்துவிடும். அடுத்த நாள் அதே இடத்தில் கெட்டியான சிறு கொப்பளம் எழும்பி, சில நாள்கள் அரிக்கும். "நேற்றுக் கடித்தது இன்று ஏன் அரிக்கிறது?" என்ற கேள்விக்கு விடை இதுவே.

ஒரே வீட்டில் தங்கைக்குப் பெரிதாகத் தடிக்கிறது, பாட்டிக்கு ஒன்றும் தெரிவதில்லை. காரணம் என்ன? பிரிட்டன் பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி 1946-இல் இதை விளக்கினார். ஒரு கொசு வகையால் ஒருபோதும் கடிபடாதவருக்கு முதலில் எந்த விளைவும் தெரியாது. தொடர்ந்து கடிபடும்போது முதலில் தாமதமான அரிப்பும், பிறகு உடனடித் தடிப்பும் தாமதமான அரிப்பும் சேர்ந்தும் வருகின்றன. நீண்ட காலம் கடிபட்ட பின் அவை படிப்படியாகக் குறைகின்றன. தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகள் பலர் இந்த வரிசையின் நடுவில் இருக்கிறார்கள். நமக்குச் சிறிதாகத் தெரியும் கடி அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருப்பது நடிப்பல்ல.

சொறிந்தால் என்ன ஆகும்?

சொறியும்போது ஏற்படும் மெல்லிய வலி, அரிப்பு உணர்வைச் சற்று நேரம் மறைக்கிறது. அதனால்தான் சொறிவது சுகமாக இருக்கிறது. ஆனால் சொறிவதே தோலின் அழற்சியைக் கூட்டுகிறது. எலிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2025-இல் வெளியான ஓர் ஆய்வு இதன் வழியைக் காட்டியது. சொறியும்போது வலி நரம்புகள் வெளியிடும் ஒரு பொருள் மாஸ்ட் செல்களை மீண்டும் தூண்டிவிடுகிறது. அரிப்பு, சொறிதல், கூடுதல் அரிப்பு என்று ஒரு சுழல் உருவாகிறது. இரவில் இந்தச் சுழலில் தூக்கம் கெட்ட குழந்தைதான் காலை முதல் பாடவேளையில் கண் அயர்கிறது.

தோல் கிழிந்தால் அடுத்த தொல்லை தொடங்குகிறது. நகக் கண்களிலும் தோலிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள் உள்ளே நுழைந்து சீழ்ப்புண்ணை உண்டாக்கும். மேலே தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும் புண் இவ்வகையைச் சேர்ந்தது. அதைத் தொட்ட கையால் இன்னொரு குழந்தையைத் தொட்டால் அதுவும் தொற்றும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய தோல் புண்ணுக்குச் சில வாரங்கள் கழித்து, சில குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சி வருவதுண்டு. காலையில் முகமும் கண் இமைகளும் வீங்குவது, சிறுநீர் குறைவது, அது தேநீர் நிறத்தில் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். இது எல்லாக் கடிக்கும் நேர்வதன்று. பெரும்பாலான கடிகள் தாமே ஆறிவிடும். ஆனாலும் ஆறாத சொறிபுண்ணைச் "சாதாரணப் புண்தானே" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை

"கழுவு, குளிர்வி, அழுத்து, மூடு" என்ற நான்கு சொற்களாக இதைக் குழந்தைகளுக்குப் பழக்கலாம்.

கழுவு: கடித்த இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும்.

குளிர்வி: சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மடித்து, 5 முதல் 10 நிமிடங்கள் வைக்க வேண்டும். மண்பானைத் தண்ணீரே போதும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. அரிப்பு உணர்வையும் மட்டுப்படுத்துகிறது.

அழுத்து: மீண்டும் அரித்தால் நகத்தைப் பயன்படுத்தாமல் உள்ளங்கையால் அழுத்தலாம் அல்லது விரல் பரப்பால் மெல்லத் தட்டலாம். நகத்தால் கடியின் மேல் பெருக்கல் குறி போடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. அதுவும் தோலைக் கீறுவதுதான்.

மூடு: தோல் ஏற்கெனவே உரிந்திருந்தால் முதலுதவிப் பெட்டியிலுள்ள சுத்தமான துணிக்கட்டால் மூட வேண்டும்.

இத்துடன் கைக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம். கரும்பலகையைத் துடைப்பது, நோட்டுகளை அடுக்குவது போன்ற சிறு பணிகள் அரிப்பின் உச்ச நேரத்தைக் கடத்த உதவும். "கையை எடு" என்ற அதட்டலைவிட "துணியை நனைச்சு வச்சுக்கோ, கண்ணு" என்ற சொல் நன்றாக வேலை செய்யும்.

வீட்டில் செய்ய, பெற்றோருக்கு இரண்டு எளிய வழிகளைச் சொல்லலாம். புண்ணாகாத தோலில் கலமைன் லோஷன் தடவலாம். அல்லது சமையல் சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துப் பூசி, 10 நிமிடங்களில் கழுவிவிடலாம். அரிப்புக்கான மாத்திரைகளும் ஸ்டீராய்டு களிம்புகளும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. பள்ளியில் நாமாக மருந்து கொடுக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. மென்மையான தோலைப் புண்ணாக்கும். பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் தீக்காயம் போன்ற கொப்பளம் வரலாம். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் உரிந்த தோலில் எரிச்சலைக் கூட்டும். எச்சில் தடவினால் வாயிலுள்ள பாக்டீரியா புண்ணில் சேரும். சூடான கரண்டியை வைப்பது சிலருக்கு இதமாக இருந்தாலும், குழந்தைகளின் தோல் வெந்துபோகும் ஆபத்து உண்டு. கற்பூரம் கலந்த எண்ணெய்களைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரக்கூடும். மூடிய வகுப்பறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதும் வேண்டாம். அதன் புகை ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்குத் தீங்கானது.

எல்லா அரிப்பும் கொசுக்கடியா?

நோயைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. ஆனால் தினமும் பார்க்கும் ஆசிரியரின் கண்ணுக்குச் சில வேறுபாடுகள் முன்கூட்டியே தெரியும்.

கொசுக்கடி கை, கால், முகம், கழுத்து போன்ற மூடப்படாத இடங்களில் தனித்தனியாக இருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சிறு கொப்பளங்கள், இரவில் கூடும் அரிப்பு, வீட்டில் மற்றவருக்கும் அரிப்பு என்றால் சிரங்காக இருக்கலாம். இது நுண்ணிய உண்ணிகளால் வருவது. ஒருவருக்கு மட்டும் சிகிச்சை செய்தால் தீராது, வீட்டார் அனைவருக்கும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். மேலே குறிப்பிட்ட மெல்லன்பி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தன்னார்வலர்களைக் கொண்டு சிரங்கையும் ஆராய்ந்தார். அது பரவுவதில் படுக்கை விரிப்பைவிட நேரடித் தோல் தொடர்புக்கே முக்கியப் பங்கு என்று கண்டார்.

பிடரியிலும் காதுக்குப் பின்னும் அரித்தால் பேன் இருக்கலாம். உடலெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து, சில மணி நேரத்தில் இடம் மாறினால் அது ஒவ்வாமைத் தடிப்பு.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பல நூல்கள் தொற்றின் அடையாளமாகத் "தோல் சிவத்தல்" என்று எழுதுகின்றன. நம் குழந்தைகளின் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருப்பது, தொட்டால் சுடுவது, வீங்கி மினுமினுப்பது, வலிப்பது ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் அனுப்புவது?

- புண்ணில் சீழ், தேன் நிறப் பொருக்கு, பரவும் வீக்கம் அல்லது சூடு இருந்தால்.
- கடியைச் சுற்றிப் பெரிதாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால்.
- தோல் புண் வந்த சில வாரங்களில் முக வீக்கமோ அடர்நிறச் சிறுநீரோ காணப்பட்டால்.
- காய்ச்சலோடு கடுமையான தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி இருந்தால்.
- உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

டெங்கு பற்றி ஆசிரியர்கள் குறிப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காய்ச்சல் குறையும் நாள்களே அதில் ஆபத்தான கட்டமாக இருக்கலாம். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று பள்ளிக்கு வந்த குழந்தை மிகவும் சோர்ந்திருந்தாலோ, வயிற்று வலி என்றாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ, ஒரு பாடவேளைகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் ஆகியவற்றைத் தரக் கூடாது என்பதையும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லலாம். அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

கை நிறையத் தழும்போடு வரும் குழந்தை

"உங்க வீட்ல சுத்தமா இருக்க மாட்டீங்களா?" என்று வகுப்பின் முன் கேட்டால், அந்தக் குழந்தை அடுத்த நாள் முழுக்கைச் சட்டையில் புண்ணை மறைத்துக்கொண்டு வரும். அதன்பின் சீழ் பிடித்தாலும் நமக்குத் தெரியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பெருகுவதைவிட, குடம், தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரிலேயே பெருகுகிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் பிடித்து வைக்காமல் இருக்க முடியாது. தழும்பின் எண்ணிக்கை ஒரு வீட்டின் சுத்தத்துக்கு அளவுகோல் ஆகாது. விசாரிப்பதைத் தனியே, மெதுவாக விசாரிப்போம்.

வகுப்பு வாரியான செயல்பாடுகள்

1 முதல் 3 வகுப்பு வரை: குழந்தையின் கையில் வண்ணச் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து, அதைக் கொசுக்கடியாகக் கருதச் சொல்லலாம். நான்கு சொற்களையும் கூறியபடி நான்கு படிகளையும் இணையாக அமர்ந்து நடித்துக் காட்டட்டும். திங்கள்கிழமைதோறும் நகம் பார்ப்பதை இதனுடன் இணைத்து, நகம் ஏன் குட்டையாக இருக்க வேண்டும் என்று அவர்களையே சொல்லவைக்கலாம்.

4, 5 வகுப்புகள்: ஏற்கெனவே கடிபட்டு அரிப்பு உள்ளவர்களில் விருப்பமுள்ளோர் மட்டும் பங்கேற்கும் சோதனை இது. இரண்டு கடிகளைத் தேர்ந்து, இரண்டுக்கும் அரிப்பு மதிப்பெண் 0 முதல் 5 வரை தர வேண்டும். ஒன்றில் மட்டும் ஈரத்துணியை 10 நிமிடங்கள் வைத்து, பிறகு இரண்டுக்கும் மீண்டும் மதிப்பெண் இட வேண்டும். வகுப்பு முழுவதன் முடிவுகளைப் பட்டை வரைபடமாக்கலாம். "இன்னொரு கடியை ஏன் சும்மா விட்டோம்?" என்ற கேள்வி, ஒப்பிட்டு அறிதல் என்ற கருத்துக்கு நேரே கொண்டுசெல்லும். குழந்தைகள் சோதனைக்காகக் கொசுவிடம் கடி வாங்க அனுமதிக்கவே கூடாது.

6 முதல் 8 வகுப்பு வரை: புழுக்கள் உள்ள தேங்கிய நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, நாள்தோறும் நோக்கிக் குறிப்பெழுதலாம். புழு மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலக்ஸ். பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலஸ். கூட்டுப்புழு தெரிந்த அன்றே நீரை வெயிலில் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட வேண்டும். இல்லையேல் ஓரிரு நாளில் கொசுக்கள் வெளிவரும். வெப்பமான காலத்தில் முட்டை முதல் கொசு வரை சுமார் 7 முதல் 10 நாள்களே ஆவதால், வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினால் சுழற்சி முறியும் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும். ஏடிஸ் முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

9, 10 வகுப்புகள்: நோய்த் தடைக்காப்பு பற்றிய பாடத்தில், "உடலைக் காக்கும் ஏற்பாடே உடலுக்குத் தொல்லையாவது எப்படி?" என்ற கலந்துரையாடலுக்குக் கொசுக்கடி நல்ல எடுத்துக்காட்டு. "இனிப்பு தின்றால் கொசு அதிகம் கடிக்கும்", "இரத்தம் நன்றாக இருப்பவரைத்தான் கடிக்கும்" போன்ற வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றையும் சோதிக்க எவ்வகைச் சான்று வேண்டும் என்று குழுவாகப் பேசலாம். கரியமில வாயு, உடல் வெப்பம், தோலின் வாசனை ஆகியவையே கொசுவை ஈர்க்கின்றன என்பது நிறுவப்பட்ட செய்தி. ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். அந்த நாள் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மழைக்கு முன்பே இப்பாடத்தைத் தொடங்க அது பொருத்தமான நாள்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. கொசு பறந்து போன பிறகும் அரிப்பது ஏன்?
2. உன் தம்பி கொசுக்கடியைச் சொறிகிறான். வரிசையாக என்னென்ன செய்வாய்?
3. ராணிக்கு விரல் இடுக்கில் அரிக்கிறது. அவள் அம்மாவுக்கும் அரிக்கிறது. இது கொசுக்கடியா? காரணம் கூறு.
4. தொட்டியை 15 நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும் என்கிறார் ஒருவர். உன் கருத்து என்ன?

பள்ளி அளவில்

ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலை நெருங்கும் வேளையிலும் அது சுறுசுறுப்பாக இருப்பதால், குழந்தைகள் பள்ளியில் இருக்கும் நேரமும் அதில் அடங்கும். மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி, கைகழுவும் இடத்தின் பள்ளம், பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த பொருள்கள் ஆகியவற்றை வாரம் ஒரு நாள் பார்வையிடும் பொறுப்பை இளம் செஞ்சிலுவைச் சங்கம் அல்லது பசுமைப் படை மாணவர்களிடம் ஆசிரியர் மேற்பார்வையில் ஒப்படைக்கலாம். வகுப்பில் மின்விசிறி ஓடினால் கொசு அண்டுவது குறையும். அது காற்றை எதிர்த்துப் பறக்க வலுவற்றது.

முதலுதவிப் பெட்டியில் சோப்பு, இரண்டு சுத்தமான துணிகள், நகவெட்டி, துணிக்கட்டு, ஒட்டும் பட்டை ஆகியவை இருக்கின்றனவா என்று மழைக்காலத்துக்கு முன் சரிபார்த்துக்கொள்வோம். வகுப்புக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்து, ஆறாத புண் உள்ள குழந்தையின் பெயரையும் தேதியையும் ஆசிரியர் மட்டும் பார்க்கும்படி எழுதிவைத்தால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்ட உதவும். மூன்று நாள்களில் ஆறத் தொடங்காத புண்ணுக்கு அந்தக் குழுவின் வருகைவரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே பெற்றோரை அழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடலாம்.